பத்து வினாடிக்குள் சிக்காத துடிப்பு

வழக்கமாக எடுக்கிற ஒரு ஈசிஜி, இதயத்தைப் பத்து வினாடிதான் பார்க்கிறது. ஒரு நாளில் 86,400 வினாடிகள் இருக்கின்றன. அந்தப் பத்து வினாடியில் இதயம் ஒழுங்காகத் துடித்தால் தாளில் ஒழுங்கான கோடு வரும். மிச்ச நேரத்தில் அது எப்படித் துடித்தது என்று அந்தத் தாளுக்குத் தெரியாது. விட்டு விட்டு வரும் துடிப்புக் கோளாறுகளை, முக்கியமாக ஏட்ரியல் ஃபைப்ரிலேஷனை, கண்டுபிடிப்பதில் உள்ள அடிப்படைச் சிக்கல் இதுதான்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். டாக்டர் இல்லை, ரத்தம் எடுப்பது, மாதிரியைச் சுழற்றிப் பிரிப்பது, மெஷினில் ஏற்றுவது, ரிப்போர்ட்டைச் சரிபார்ப்பது இதெல்லாம் என் வேலை. கொஞ்ச காலமாக எங்கள் கவுண்டருக்கு வரும் சீட்டுகளில் என்டி-ப்ரோபிஎன்பி என்ற பெயர் அடிக்கடி தென்படுகிறது. இதயச் சுவர் அளவுக்கு மீறி இழுபடும்போது ரத்தத்தில் கூடும் ஒரு பொருள் அது. முன்பெல்லாம் இதயச் செயலிழப்பால் மூச்சுத் திணறி, கால் வீங்கி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்குத்தான் அதை எழுதுவார்கள். இப்போது நன்றாக நடந்து வருகிற பெரியவர்களும் அந்தச் சீட்டோடு வருகிறார்கள். வந்து கேட்கும் கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஈசிஜி நார்மல்னு சொல்லிட்டாங்க, அப்புறம் எதுக்குங்க இந்த டெஸ்ட்?"

நியாயமான கேள்வி. வரிசையில் ஆள் நிற்கும்போது அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். இதயத்தில் மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. வலது மேலறையில் இருக்கும் சைனஸ் கணுவிலிருந்து மின் துடிப்பு கிளம்பும். மேலறைகள் சுருங்கும், ஒரு நொடியில் சின்னப் பங்கு கழித்துக் கீழறைகள் சுருங்கும். ஏட்ரியல் ஃபைப்ரிலேஷனில், சுருக்கமாக ஏஎஃப்-ல், மேலறைகளுக்குள் மின்னோட்டம் தறிகெட்டுச் சுற்றுகிறது. நிமிடத்துக்கு 350 முறைக்கும் மேல். அந்த வேகத்தில் மேலறைத் தசை முழுதாகச் சுருங்காது, நடுங்கிக்கொண்டே இருக்கும். எல்லாத் துடிப்பும் கீழே இறங்காது. நடுவில் இருக்கும் ஏவி கணு சிலதை விடும், சிலதைத் தடுக்கும். அதனால்தான் நாடி எந்த ஒழுங்கும் இல்லாமல் துடிக்கிறது.

ஆபத்து அந்தப் படபடப்பில் மட்டும் இல்லை. இடது மேலறையின் ஓரத்தில் விரல் அளவுக்கு ஒரு பை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். மேலறை சுருங்காமல் நடுங்கும்போது அங்கே ரத்தம் தேங்கி உறையும். அந்த உறைவிலிருந்து ஒரு துணுக்கு கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் 1948-ல் தொடங்கிய இதய ஆய்வு 1991-ல் சொன்ன கணக்குப்படி, ஏஎஃப் இருப்பவருக்குப் பக்கவாத ஆபத்து சுமார் 5 மடங்கு. அதே ஊர் மக்களை வைத்து 2004-ல் இன்னொரு கணக்கு வந்தது. நாற்பது வயதைத் தாண்டிய நாலு பேரில் ஒருவருக்கு வாழ்நாளுக்குள் இது வரும் என்று.

இவ்வளவு மோசமான செய்தியில் ஒரே ஒரு நல்ல செய்தி உண்டு. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைக் கொடுத்தால் அந்தப் பக்கவாதங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத் தடுக்கலாம். ஆனால் மாத்திரை கொடுக்க வேண்டுமென்றால் ஏஎஃப் இருப்பது முதலில் தெரிய வேண்டும். பலருக்கு அது தெரிய வருவதே பக்கவாதம் வந்த பிறகுதான்.

என் பெரியம்மாவுக்கு அப்படித்தான் நடந்தது. எழுபதைத் தாண்டியவர், பிபிக்கு மாத்திரை சாப்பிடுவார், மற்றபடி தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வார். விடிகாலையில் சில நாள் நெஞ்சு தடதடவென்று அடிக்கிறது, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரிடம் போனபோது காலை பதினொரு மணி இருக்கும். நெஞ்சு அமைதியாக இருந்தது, ஈசிஜியும் சுத்தமாக வந்தது. அதில் யார் மீதும் தப்பில்லை. அந்தப் பத்து வினாடியில் இருந்ததைத்தான் தாள் காட்டியது. பிறகு ஒருநாள் காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது, வாய் ஒரு பக்கம் கோணியது. வார்டில் மானிட்டர் போட்டிருந்தபோது ஒரு பின்னிரவில் ஏஎஃப் சிக்கியது. இப்போது ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரை, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க மாதா மாதம் பிடி-ஐஎன்ஆர் பரிசோதனை. அவருக்கு ரத்தம் எடுப்பது நான்தான். ஐஎன்ஆர் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்க வேண்டும். கீரையை ஒரு வாரம் நிறையச் சாப்பிட்டு, அடுத்த வாரம் அடியோடு நிறுத்தினால் எண் அலைபாயும். "தெனம் கொஞ்சமா சாப்பிடுங்க பெரிம்மா, ஒரே அளவா" என்று சொல்லிச் சொல்லி ஒரு வழிக்கு வந்திருக்கிறோம்.

அவர் முதன்முதலில் படபடப்பு என்று சொன்ன அந்தக் காலையில், ஈசிஜி தவறவிட்டதை வேறு ஏதாவது காட்டியிருக்குமா? இந்தக் கேள்விதான் என்னை இந்த விஷயத்தில் படிக்க வைத்தது.

என்டி-ப்ரோபிஎன்பி-யின் கதை கனடாவின் கிங்ஸ்டன் நகரத்தில் தொடங்குகிறது. மேலறைத் தசைச் செல்களுக்குள் சின்னச் சின்னக் குருணைகள் இருப்பது 1950-களிலேயே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிந்துவிட்டது. ஹார்மோன் சுரக்கும் செல்களில் இருப்பது போன்ற குருணைகள். ரத்தத்தை இறைப்பது மட்டும்தான் இதயத்தின் வேலை என்றால் அங்கே அதற்கு என்ன வேலை? அடால்ஃபோ டி போல்ட் என்ற அர்ஜென்டினாக்காரர் இதை விடாமல் பிடித்துக்கொண்டார். எலியின் மேலறையை அரைத்து எடுத்த சாற்றை இன்னொரு எலிக்கு ஊசி மூலம் செலுத்தினார். சில நிமிடங்களுக்குள் அந்த எலியின் சிறுநீரும், அதோடு வெளியேறும் உப்பும் பல மடங்கு கூடின. கீழறைச் சாற்றைச் செலுத்தியபோது அப்படி எதுவும் நடக்கவில்லை. 1981-ல் இந்த முடிவு வெளியானது. இதயமும் ஒரு நாளமில்லாச் சுரப்பி என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டது அதற்குப் பிறகுதான். எவ்வளவு எளிமையான சோதனை! சாறு, ஊசி, சிறுநீர் அளவு. அதை வாசித்த அன்று என் வேலையின் மேல் எனக்கே ஒரு மரியாதை கூடியது.

1988-ல் ஜப்பானில் டெட்சுஜி சுடோ, கென்ஜி கங்காவா, ஹிசாயுகி மட்சுவோ குழுவினர் பன்றியின் மூளையிலிருந்து அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் பிஎன்பி. மூளையில் கண்டெடுத்தாலும், அதை அதிகம் சுரப்பது இதயம்தான் என்று சீக்கிரமே தெரிந்தது. இதயச் சுவர் அளவுக்கு மீறி இழுபடும்போது செல்கள் 108 அமினோ அமிலம் கொண்ட ஒரு நீளச் சங்கிலியைத் தயாரிக்கின்றன. அது இரண்டாக வெட்டுப்படும். 32 அமினோ அமிலம் கொண்ட துண்டு பிஎன்பி. உப்பையும் நீரையும் வெளியேற்றி, ரத்தக் குழாயைத் தளர்த்தி, இதயத்தின் சுமையைக் குறைக்கப் பார்ப்பது இதுதான். மிச்சமுள்ள 76 அமினோ அமிலத் துண்டுதான் என்டி-ப்ரோபிஎன்பி. அதற்குத் தனியாக ஒரு வேலையும் கிடையாது. ஆனால் பிஎன்பி ரத்தத்தில் சுமார் 20 நிமிடத்தில் பாதியாகிவிடும். இது ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாங்கும். அதனால் அளப்பதற்கு இதுதான் தோது.

பரிசோதனைக் கூடத்தில் இந்த வித்தியாசம் எங்கள் கையில் தெரியும். பிஎன்பி எடுக்க ஊதா மூடி போட்ட பிளாஸ்டிக் குழாய் வேண்டும். கண்ணாடியில் எடுத்தால் எண் குறைந்துபோகும். எடுத்த சில மணி நேரத்துக்குள் ஓட்டியாக வேண்டும். சின்ன ஊர்க் கிளையில் எடுத்து, பஸ்ஸில் போட்டு, சாயந்தரம் மெயின் லேபுக்கு வந்து சேரும் மாதிரியில் பிஎன்பி பார்ப்பது வீண். என்டி-ப்ரோபிஎன்பி அப்படியில்லை. அறை வெப்பத்திலும் நாள் கணக்கில் தாங்கும். சாப்பிட்டு வந்தாலும் சரி, வெறும் வயிற்றில் வந்தாலும் சரி. இதயச் செயலிழப்புக்குச் சாக்குபிட்ரில் கலந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மருந்தே பிஎன்பி சிதைவதைத் தடுத்து எண்ணை ஏற்றிவிடும்; என்டி-ப்ரோபிஎன்பி அதில் ஏமாறாது.

மெஷினுக்குள் நடப்பதும் அழகான வேலை. மாதிரியில் இரண்டு விதமான எதிர்ப்பொருள்களைச் சேர்ப்பார்கள். ஒன்று அந்தத் துண்டின் ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்ளும், இன்னொன்று வேறு ஒரு இடத்தைப் பிடிக்கும். இரண்டாவதன் மேல் ஒளிரும் பொருள் ஒட்டியிருக்கும். கழுவி முடித்த பிறகு எவ்வளவு ஒளி வருகிறதோ அவ்வளவு என்டி-ப்ரோபிஎன்பி. இதில் ஒரு எச்சரிக்கை. முடி வளர்வதற்கென்று அதிக அளவில் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை லேபில் சொல்ல வேண்டும். சில வகைக் கிட்டுகளில் அது குறுக்கே புகுந்து எண்ணைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனினிலும் இந்தப் பிரச்சினை உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

சரி, இதயச் செயலிழப்புக்கான பரிசோதனை துடிப்புக் கோளாற்றுக்குள் எப்படி வந்தது? ஏஎஃப் ஒருநாள் திடீரென்று வானத்திலிருந்து விழுவதில்லை. பல ஆண்டுகளாக உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, உடல் பருமன், வால்வுக் கோளாறு, வயது எல்லாம் சேர்ந்து இடது மேலறையை இழுத்துப் பெரிதாக்குகின்றன. தசைக்கு நடுவே நார்த்திசு படிகிறது. அந்தத் திட்டுகளைச் சுற்றி மின்னோட்டம் வழிதவறுகிறது. ஓட்டு வீட்டில் மழை நாளில் ஒழுகுவதைப் பார்ப்பது ஈசிஜி என்றால், எந்த ஓடு நகர்ந்திருக்கிறது என்று வெயில் நாளிலேயே ஏறிப் பார்ப்பதுதான் இந்த ரத்தப் பரிசோதனை. இழுபட்ட மேலறை, துடிப்பு ஒழுங்காக இருக்கும் நாட்களிலும் இந்தப் பொருளைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கிறது.

இதை எண்களில் காட்டியதில் ஃப்ரேமிங்ஹாமுக்கு முக்கியப் பங்கு உண்டு. 2010-ல் வெளியான அவர்களது ஆய்வில் 3,120 பேரிடம் பத்து விதக் குறியீடுகளை அளந்தார்கள். அழற்சியைக் காட்டும் சிஆர்பி, ஃபைப்ரினோஜென், ரத்த உறைவைக் காட்டும் டி-டைமர், ஆல்டோஸ்டிரோன், ரெனின், ஹோமோசிஸ்டீன் என்று ஒரு பெரிய பட்டியல். பத்தாண்டுக்குக் கொஞ்சம் குறைவான காலத்தில் 209 பேருக்கு ஏஎஃப் வந்தது. எல்லாவற்றையும் சலித்துப் பார்த்தபோது தெளிவாக நின்றது பிஎன்பி. சிஆர்பிக்கும் தொடர்பு இருந்தது, ஆனால் கணிப்பைப் பெரிதாக மேம்படுத்தவில்லை. அதற்கு முந்தைய ஆண்டில், அறுபத்தைந்து வயதைத் தாண்டிய அமெரிக்கர்களைப் பின்தொடர்ந்த இன்னொரு பெரிய ஆய்வும் என்டி-ப்ரோபிஎன்பி பற்றி இதையே சொல்லியிருந்தது. யாருக்கு இந்த எண் அதிகமோ அவருக்குப் பின்னால் ஏஎஃப் வரும் வாய்ப்பும் அதிகம்.

இங்கே ஒரு சந்தேகம் வரவேண்டும், எனக்கும் வந்தது. ஏஎஃப் நடந்துகொண்டிருக்கும்போதே என்டி-ப்ரோபிஎன்பி ஏறும். அப்படியானால் "பின்னால் ஏஎஃப் வரப்போகிறவர்" என்று நாம் எண்ணும் ஆளுக்கு ஏற்கெனவே விட்டு விட்டு ஏஎஃப் வந்துகொண்டிருக்கலாம் அல்லவா? ஈசிஜியில் சிக்கவில்லை, அவ்வளவுதான். நிச்சயமாக அப்படிச் சிலர் இருப்பார்கள். ஆனால் நடைமுறையில் பார்த்தால் இது பரிசோதனைக்கு எதிரான வாதமே இல்லை. ஒளிந்திருப்பதைத் தேட யாரிடம் தொடங்குவது என்பதுதானே நம் கேள்வி. வரப்போகிறதா, வந்து ஒளிந்திருக்கிறதா, இரண்டுக்கும் அடுத்த படி ஒன்றுதான்: நீண்ட நேர ஈசிஜி.

ஸ்வீடனில் இதைச் செய்தே பார்த்தார்கள். ஸ்டாக்ஹோமில் 75, 76 வயதுக்காரர்களைக் கூப்பிட்டு முதலில் என்டி-ப்ரோபிஎன்பி எடுத்தார்கள். ஸ்ட்ரோக்ஸ்டாப்-2 என்று அந்த ஆய்வுக்குப் பெயர். மில்லிலிட்டருக்கு 125 பிகோகிராமுக்குக் கீழே இருந்தவர்களுக்கு ஒரே ஒரு ஈசிஜி எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். 125-ம் அதற்கு மேலும் இருந்தவர்களிடம் கையடக்க ஈசிஜி கருவியைக் கொடுத்து, இரண்டு வாரம், ஒரு நாளைக்கு நாலு முறை கட்டைவிரலை வைத்துப் பதிவு செய்யச் சொன்னார்கள். வந்தவர்கள் எல்லோரையும் சேர்த்தால் 2.6 சதவீதம் பேருக்குப் புதிதாக ஏஎஃப் தெரியவந்தது. எண் அதிகமாக இருந்த கூட்டத்தில் மட்டும் 4.4 சதவீதம்.

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பயன்பட்ட எண் வேறு ஒன்று. வந்தவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு என்டி-ப்ரோபிஎன்பி 125-க்கு மேல்! எழுபத்தைந்து வயதில், வீட்டிலிருந்து நடந்து வந்த சாதாரண மனிதர்களில் பத்துக்கு ஆறு பேர். எங்கள் ரிப்போர்ட்டில் 125-ஐத் தாண்டினாலே கம்ப்யூட்டர், அதிகம் என்று குறிக்க, தடித்த எழுத்தில் ஒரு ஹெச் போட்டுவிடும். அதைப் பார்த்ததும் முகம் வெளுத்துப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர், எழுபத்தெட்டு வயது, 190 வந்திருந்தது. ரிப்போர்ட்டை வாங்கிய கையோடு பெஞ்சில் உட்கார்ந்து மகனுக்குப் போன் போட்டு, "ஹார்ட் போச்சாம்டா" என்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னேன்: "ஐயா, உங்க வயசுல இது பெரிய எண்ணே இல்லைங்க. டாக்டர்கிட்ட காட்டுங்க, அவர் சொல்லுவார்." வயது ஏற ஏற இது தானாக ஏறும். ஆண்களைவிடப் பெண்களுக்குக் கொஞ்சம் அதிகமாக இருக்கும். சிறுநீரகம் மந்தமானால் ஏறும். அதே ஆளுக்கு அடுத்த வாரம் எடுத்தால் நாலில் ஒரு பங்கு ஏறி இறங்குவதும் சாதாரணம்தான். 118 என்று வந்தவர் நிம்மதியாகவும் 132 என்று வந்தவர் தூக்கமில்லாமலும் இருக்க எந்தக் காரணமும் கிடையாது.

உடல் பருமன் இன்னொரு குழப்பத்தைக் கொண்டுவரும். பருமன் ஏஎஃப் வருவதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆனால் பருமனானவர்களின் ரத்தத்தில் என்டி-ப்ரோபிஎன்பி குறைவாகவே இருக்கும். ஆபத்து அதிகம், எண் குறைவு. எண்ணை மட்டும் பார்த்தால் அவர்கள் நழுவிப் போய்விடுவார்கள். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 2019-ல் வெளியான ஆய்வு இந்த இடத்தில் நன்றாக யோசித்திருக்கிறது. 638 நோயாளிகளின் ரத்தத்தில் 40 குறியீடுகளைப் பார்த்து, எதெல்லாம் உண்மையில் ஏஎஃப்-ஓடு சேர்ந்து வருகிறது என்று கணினிக் கற்றல் முறையிலும் சலித்தார்கள். வயது, ஆண் என்பது, உடல் பருமன் குறியீடு ஆகிய மூன்றும் நின்றன. ரத்தத்திலிருந்து இரண்டு நின்றன: பிஎன்பி, அப்புறம் எஃப்ஜிஎஃப்-23. இந்த எஃப்ஜிஎஃப்-23 எலும்பில் சுரப்பது. பாஸ்பேட்டைச் சிறுநீரகம் வழியாக வெளியேற்றச் சொல்லும் ஹார்மோன். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இது எக்கச்சக்கமாக ஏறும், இதயத் தசையைத் தடிமனாக்கும். எலும்பு, சிறுநீரகம், இதயம் மூன்றும் இப்படி ஒரே துளி ரத்தத்தில் பேசிக்கொள்வது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது. ஆனால் நம் ஊர் சாதாரண லேபில் எஃப்ஜிஎஃப்-23 பார்க்கும் நிலை இன்னும் வரவில்லை.

இதுவரை படித்தவர்களுக்கு, அப்படியானால் எண் அதிகமுள்ள எல்லோருக்கும் ரத்தம் உறையாத மாத்திரையைக் கொடுத்துவிடலாமே என்று தோன்றலாம். கூடாது. அதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஆர்க்கேடியா என்ற ஆய்வு, 2024-ல் முடிவு வெளியானது. காரணம் தெரியாத பக்கவாதம் வந்தவர்கள் 1,015 பேர்; ஏஎஃப் யாருக்கும் பிடிபடவில்லை. ஆனால் மேலறை சீர்கெட்டிருப்பதற்கு அடையாளம் இருந்தது: ஈசிஜியில் மேலறைத் துடிப்பைக் காட்டும் பி அலையில் மாற்றம், அல்லது எக்கோ என்ற இதய ஸ்கேனில் மேலறை பெரிதாக இருப்பது, அல்லது என்டி-ப்ரோபிஎன்பி 250-க்கு மேல். பாதிப் பேருக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் அபிக்சபான், பாதிப் பேருக்கு ஆஸ்பிரின். மறுபடி பக்கவாதம் வந்தது இரண்டு பக்கமும் ஆண்டுக்கு 4.4 சதவீதம். துளி வித்தியாசமில்லை. தொடர்ந்தாலும் பலனில்லை என்று ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். இந்த மாத்திரைகள் சும்மா சாப்பிடுகிற மாத்திரைகள் இல்லை. ரத்தக்கசிவு வந்தால் உயிருக்கே ஆபத்து. எண்ணை மட்டும் நம்பி யாரும் அதைத் தொடங்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஏஎஃப்-ஐ நிறையக் கண்டுபிடித்தாலே பக்கவாதம் குறைந்துவிடும் என்பதும் அவ்வளவு நேரான கணக்கு இல்லை. டென்மார்க்கில் 2021-ல் முடிவு வெளியான லூப் என்ற ஆய்வில், 70 முதல் 90 வயதுள்ள 6,004 பேரை எடுத்து, நாலில் ஒரு பங்குப் பேருக்கு மார்புத் தோலுக்கு அடியில் சிறு ஈசிஜி கருவியைப் பதித்தார்கள். ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு துடிப்பையும் பார்க்கும் கருவி. 31.8 சதவீதம் பேருக்கு ஏஎஃப் பிடிபட்டது. கருவி இல்லாதவர்களில் 12.2 சதவீதம். கண்டுபிடிப்பு இரண்டரை மடங்கு கூடியது. பக்கவாதம்? 4.5-க்கு எதிராக 5.6 சதவீதம். கொஞ்சம் குறைந்த மாதிரித் தெரிந்தாலும் தற்செயல் இல்லை என்று சொல்லும் அளவுக்கு அந்த வித்தியாசம் இல்லை. அதே 2021-ல் வெளியான ஸ்வீடனின் முதல் ஸ்ட்ரோக்ஸ்டாப் ஆய்வில் கூப்பிட்டுப் பரிசோதித்த கூட்டத்துக்குச் சின்ன நன்மை தெரிந்தது. பக்கவாதம், பெரிய ரத்தக்கசிவு, மரணம் எல்லாம் சேர்த்து 33.0 சதவீதம் என்பது 31.9 ஆனது. அவ்வளவுதான்.

இவற்றையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது எனக்குப் புரிவது இது. ஆண்டுக்கு ஒருமுறை சில நிமிடம் வந்து போகும் ஏஎஃப்-ம், இழுபட்டு நார் படிந்த மேலறையில் மணிக்கணக்கில் நிற்கும் ஏஎஃப்-ம் ஒன்றல்ல. துடிப்பு மட்டுமே முழுக் கதை இல்லை, மேலறையின் நிலைமையும் வேண்டும். அதைத்தான் ரத்தம் சொல்கிறது. ஆனால் அது சொல்வது நிலைமையை மட்டுமே; துடிப்பைக் கண்ணால் பார்க்க ஈசிஜிதான் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை வேண்டாம் என்று ஒதுக்கக் கூடாது.

இந்தப் புது எண்ணைப் பற்றி இவ்வளவு பேசும்போது, ஏற்கெனவே எல்லா லேபிலும் இருக்கிற பழைய எண்களை மறந்துவிடுகிறோம் என்பது எனக்கு உண்மையான வருத்தம். தைராய்டுக்கான டிஎஸ்ஹெச்-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் டிஎஸ்ஹெச் அடிமட்டத்துக்கு இறங்கும், மேலறை எரிச்சலடையும். ஃப்ரேமிங்ஹாமில் அறுபது வயதைத் தாண்டியவர்களைப் பத்தாண்டு பின்தொடர்ந்து 1994-ல் சொன்னார்கள்: டிஎஸ்ஹெச் 0.1-ம் அதற்குக் கீழும் இருந்தவர்களில் 28 சதவீதம் பேருக்கு ஏஎஃப் வந்தது. இயல்பாக இருந்தவர்களில் 11 சதவீதம். வெளியே எந்த அறிகுறியும் தெரியாதபோதே இந்த வித்தியாசம். தைராய்டு குறைவென்று மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் எத்தனையோ பேர் பழைய சீட்டை வைத்தே வருடக்கணக்கில் அதே டோஸை வாங்குகிறார்கள். டோஸ் அதிகமாகிவிட்டால் அவர்களுக்கும் இதே கதிதான். சில நூறு ரூபாய்ப் பரிசோதனை இது. என்டி-ப்ரோபிஎன்பி ஆயிரங்களில் ஓடும்.

பொட்டாசியமும் அப்படித்தான். 3.5-க்குக் கீழே இறங்கினால் துடிப்பு தடுமாறத் தொடங்கும், கீழறைகளில் ஆபத்தான துடிப்புகூட வரலாம். கால் வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டால் மளமளவென்று இறங்கிவிடுவார்கள். ஆனால் இதைச் சரியாக அளப்பது எங்கள் கையில் இருக்கிறது. ரத்தம் எடுக்கும்போது கையை இறுக்கி இறுக்கி மூடித் திறக்கச் சொன்னாலோ, மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்துச் சிவப்பணுக்கள் உடைந்தாலோ, செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டிவிடும். சிவப்பணுக்கள் உடைந்திருந்தால் சீரம் வைக்கோல் நிறத்தில் இல்லாமல் ரோஸ் நிறத்தில் வரும். அப்போது உண்மையில் குறைவாக இருக்கும் பொட்டாசியம்கூட இயல்பு மாதிரித் தெரியும். அந்த ரோஸ் நிறத்தைப் பார்த்ததும் மாதிரியை ஓரமாக வைத்துவிட்டு, ஆளைத் திரும்பக் கூப்பிட்டு ரத்தம் எடுப்பேன். திட்டுவார்கள், பரவாயில்லை.

நம் நாட்டு நிலவரம் ஸ்டாக்ஹோம் மாதிரி இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. இங்கே முப்பது வயதிலேயே ஏஎஃப்-ஓடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். சின்ன வயதில் தொண்டைப் புண்ணுக்குப் பிறகு வந்த ருமாட்டிக் காய்ச்சல், இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் மிட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டிருக்கும். இடது மேலறை பலூன் மாதிரி உப்பியிருக்கும். இவர்களுக்கு ரத்தக் குறியீடு பார்த்துக் கணிக்கும் கேள்வியே எழவில்லை. நேராக எக்கோ எடுக்க வேண்டும். மாத்திரையும் வேறு. ருமாட்டிக் வால்வுக் கோளாறோடு ஏஎஃப் உள்ளவர்களுக்கு, ரிவராக்சபான் என்ற புது வகை மாத்திரையைவிட ஐஎன்ஆர் பார்த்துக் கொடுக்கும் பழைய வகை மாத்திரையே மேல் என்று 2022-ல் இன்விக்டஸ் ஆய்வு காட்டியது. அதனால் பிடி-ஐஎன்ஆர் வரிசை எங்கள் கவுண்டரில் இப்போதைக்குக் குறையப்போவதில்லை. அதுபோல, 125 என்ற எல்லைக்கோட்டை வைத்துப் பார்த்தது ஸ்டாக்ஹோம் பெரியவர்களிடம். சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் ஒன்றாக உள்ள நம் ஊர் எழுபது வயதுக்காரருக்கு அது அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

முப்பத்தைந்து வயதில், எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜில் இந்த டெஸ்டையும் சேர்த்து விற்பதை நான் ஏற்கவில்லை. அந்த வயதில் பெரும்பாலும் அது எதையும் சொல்லாது. பணம் போவதுதான் மிச்சம்.

யாருக்குப் பயன்படும்? அறுபத்தைந்து தாண்டி, பிபியோ சர்க்கரையோ இருந்து, படபடப்பு வந்து போகிறது என்று சொல்லி, ஈசிஜி சுத்தமாக வந்தவருக்கு. என் பெரியம்மா மாதிரியான ஒருவருக்கு. அவருக்கு அப்போது 400, 500 என்று வந்திருந்தால் நாள் முழுக்க ஈசிஜி பதியும் ஹோல்டர் கருவியோ, இரண்டு வார ஈசிஜி பேட்சோ போட்டுப் பார்க்க ஒரு வலுவான காரணம் டாக்டருக்குக் கிடைத்திருக்கும். 60 என்று வந்திருந்தால் ஏஎஃப் இல்லவே இல்லை என்று சொல்லியிருக்க முடியாது. அவசரம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் பிபி, சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். ஸ்வீடனில் கடிதம் போட்டுக் கூப்பிட்டும் பாதிப் பேர்தான் வந்தார்கள். இங்கே நாமே அவர்கள் வாசலில் நிற்கிறோம். பிபி பட்டையைக் கட்டும் அதே கையில், கட்டைவிரலுக்குக் கீழே ஒரு முழு நிமிடம் மூன்று விரலை வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தால் போதும். சில தானியங்கி பிபி கருவிகளில் துடிப்பு சீராக இல்லை என்று காட்டும் குறியும் வரும். அதைக் கவனித்து எழுதச் சொல்லலாம். நாடி ஒழுங்கில்லாதவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஈசிஜி, கூடவே டிஎஸ்ஹெச், பொட்டாசியம், சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியாட்டினின். படபடப்பு இருந்தும் ஈசிஜி சுத்தமாக வருகிறவருக்கு மட்டும் என்டி-ப்ரோபிஎன்பி. அது அதிகமாக வந்தால் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் நீண்ட நேர ஈசிஜி. இந்த வரிசையில் போனால் விலை கூடிய பரிசோதனை ஒரு சிலருக்கே தேவைப்படும். அந்தச் சிலரின் மாதிரி தாலுகாவில் எடுத்து, சாயந்தர பஸ்ஸில் வந்தால்கூடப் போதும். இது தாங்கும்.